சென்னையிலிருந்து தென்காசிக்குக் குடிபெயர: வீடு பார்ப்பது முதல் சிலிண்டர் மாற்றுவது வரை

சென்னையில் தண்ணி லாரி வரவில்லை என்றால் இன்னொரு லாரிக்காரருக்குப் போன் போடலாம். ஃபிரிட்ஜ் மெக்கானிக் கையை விரித்தால் அடுத்த தெருவில் இன்னொருவர் இருப்பார். தென்காசி மாதிரி ஊரில் எதுவும் ஒன்றோ இரண்டோதான். மெக்கானிக் கோயில் கொடைத் திருவிழாவுக்குச் சொந்த ஊர் போயிருந்தால் அவர் திரும்பும்வரை ஃபிரிட்ஜ் ஓடாது. பெரிய நகரத்தை விட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் வாடகையில் எவ்வளவு மிஞ்சும் என்றுதான் கணக்குப் போடுகிறார்கள். அதற்கு முன்னால் போட வேண்டிய கணக்கு வேறு: தண்ணீர், கரண்ட், இன்டர்நெட், ஆஸ்பத்திரி, இந்த நாலில் ஒன்று நின்றுபோனால் கைவசம் அடுத்தது என்ன? மிஞ்சும் வாடகையில் ஒரு பங்கு அந்த 'அடுத்ததற்கு'த்தான் போகும். அதை ஏற்றுக்கொண்டு வந்தால் ஏமாற்றம் குறையும்.

2019 நவம்பர் 22 முதல் தென்காசி தனி மாவட்டம். கலெக்டர் ஆபீஸ் வேலைக்கெல்லாம் திருநெல்வேலி போக வேண்டியதில்லை. ஆனால் பெரிய ஆஸ்பத்திரி, பாஸ்போர்ட், பல கம்பெனிகளின் சர்வீஸ் சென்டர் என்று வரும்போது இன்னமும் 55 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் திருநெல்வேலிதான். மென்பொருள் கம்பெனியான ஜோஹோவின் மத்தளம்பாறை அலுவலகம் வந்த பிறகு வெளியூர்க்காரர்கள் வாடகைக்கு வருவது ஊருக்குப் பழகிவிட்டது.

இரண்டு முறை வந்து பாருங்கள்

ஒரே தடவை வந்து முடிவெடுக்காதீர்கள், அதுவும் சாரல் காலத்தில் வந்து. ஜூன் நடுவில் தொடங்கி ஆகஸ்ட் வரை செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்றும் தூறலுமாக இறங்கும்போது இந்த ஊரைப் பார்க்கிறவர் யாரும் சென்னைக்குத் திரும்ப நினைக்க மாட்டார். சித்திரை வெயிலில் அதே தெருவில் மதியம் ரெண்டு மணிக்கு நடந்து பாருங்கள். சாரலில் பத்து நாள், கோடையில் பத்து நாள் லாட்ஜிலோ உறவுக்காரர் வீட்டிலோ தங்கி, அங்கிருந்தே ஆபீஸ் வேலை பார்ப்பதுதான் சரியான ஒத்திகை.

அந்த நாட்களில் சுற்றிப் பார்க்கப் போகாமல் அன்றாடம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் எந்த மெடிக்கல் ஷாப் திறந்திருக்கிறது, மேலகரத்திலிருந்தோ இலஞ்சியிலிருந்தோ டவுனுக்கு எத்தனை மணிக்குக் கடைசி பஸ், சீசனில் ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் ரோட்டில் வண்டி நகருகிறதா என்று பாருங்கள். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக் கூட்டமும் இந்த வழியாகத்தான் செங்கோட்டை, ஆரியங்காவு என்று போகும். குற்றாலம் ரோட்டை ஒட்டி வீடு எடுக்கிறவர்கள் வருஷத்தில் ஐந்து மாதம் இந்த நெரிசலோடு வாழத் தயாராக இருக்க வேண்டும். இன்னொன்று, அருவிப் பக்கம் சில வீடுகள் சீசனில் நாள் வாடகைக்கு விட்டுப் பழகியவை. அந்த மாதிரி உரிமையாளரிடம் பன்னிரண்டு மாதமும் வீடு நம் கையில்தான் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

மாதத்தில் சில நாள் ஆபீஸுக்கு வரச் சொல்லும் கம்பெனி என்றால் ரயிலை நம்பித்தான் பிழைப்பு. பொதிகை ராத்திரி ஏறினால் காலையில் சேர்த்துவிடும். கொல்லம் மெயிலும் தென்காசி வழிதான், சிலம்பு வாரத்தில் சில நாள் மட்டும். முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கும். ஆபீஸ் போகும் தேதிகளை அதற்குள் மேனேஜரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். பொங்கல், தீபாவளியை ஒட்டிய தேதி விழுந்தால் திறந்த அன்றே போட வேண்டும், இல்லாவிட்டால் தட்கலில் மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

வீடு தேடுவது

ஆப்பில் தேடினால் நாலைந்து வீடுதான் காட்டும், அதிலும் பாதி புரோக்கர் போட்டது. உண்மையான வீடுகள் தேய்ப்புக்காரர், பால்காரர், மளிகைக் கடைக்காரர் வாயில் இருக்கின்றன. பிடித்த தெருவில் இவர்கள் மூவரிடமும் நம்பர் கொடுத்துவிட்டு வாருங்கள். சென்னையிலிருந்து போனில் மட்டும் பேசினால் வாடகை கூடுதலாகச் சொல்வார்கள். நேரில், கூடவே உள்ளூர்க்காரர் ஒருவரோடு போனால் விலை வேறு. சில இடங்களில் சாப்பாடு பற்றிக் கேட்பார்கள், சொந்த ஊர் எது என்று சுற்றி வளைத்து ஜாதியும் கேட்பார்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். அந்த வீட்டை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்ப்பது மன நிம்மதிக்கு நல்லது, ஏனென்றால் அப்படிக் கேட்கிறவர் அதோடு நிறுத்த மாட்டார்.

பழைய வீடு என்றால் டேப்பைக் கையோடு கொண்டு போங்கள். இந்தப் பக்கத்துப் பழைய வீடுகள் தெருவிலிருந்து பின்னால் நீண்டு போகும். தார்சா (முன் தாழ்வாரம்), பட்டாசல் (கூடம்), அடுத்த கட்டு, அடுக்களை, புறவாசல் என்று ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வரும். உள்வாசல்கள் ரெண்டரை அடி அகலம்தான், நிலையும் தாழ்வு. சென்னை ஃபிளாட்டில் கிடக்கும் ஆறடிக் கட்டில் பிரித்தால்தான் உள்ளே போகும். மூன்று கதவு பீரோவும் எல் வடிவ சோபாவும் தார்சாவைத் தாண்டாது. பிரிக்க முடியாத சாமான் ஒவ்வொன்றின் அகலம், உயரம், ஆழம் மூன்றையும் சென்னையில் எழுதி எடுத்து வந்து ஒவ்வொரு வாசலோடும் ஒப்பிடுங்கள். போகாது என்று தெரிந்தால் சென்னையிலேயே விற்றுவிடலாம், லாரி வாடகையாவது மிஞ்சும்.

அடுத்து, மேற்குச் சுவர். ஏப்ரலில் வீடு பார்க்கிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். சாரலும் காற்றும் மேற்கிலிருந்து அடிக்கும். மேற்குச் சுவரில் பெயின்ட் கொப்புளமாக இருக்கிறதா, அடியில் உப்புப் பூத்திருக்கிறதா, ஜன்னல் மூலைகளில் பழுப்புத் தடம் ஓடுகிறதா என்று பாருங்கள். மற்ற மூன்று சுவரும் மங்கலாக இருக்க, மேற்குச் சுவர் மட்டும் புதுப் பெயின்டில் மினுங்கினால் அதுவே பதில். ஓதம் (சுவர் ஈரம்) அடிக்கும் அறையில் புத்தகமும் மெத்தையும் ரெண்டு மாதத்தில் பூஞ்சை பிடித்துவிடும். சாரல் காலத்தில் துணி காயவைக்கக் கூரை போட்ட இடம் இருக்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள்.

தண்ணீரும் கழிவுத் தொட்டியும்

'தண்ணி பிரச்சினை கிடையாது' என்று எல்லா உரிமையாளரும் சொல்வார்கள். நகராட்சித் தண்ணி எத்தனை நாளைக்கு ஒருமுறை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் வருகிறது என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள், சரியான கணக்கு வரும். நகரங்களுக்கு அரசு வைத்திருக்கும் அளவு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர். நாலு பேர் வீட்டுக்கு 540 லிட்டர். தண்ணி நாலு நாளைக்கு ஒருமுறை என்றால் 2,160 லிட்டர் பிடித்துவைக்க வேண்டும். ஓரிரு நாள் தள்ளிப்போனாலும் தாங்க வேண்டும் என்பதையும் சேர்த்தால் தரைத் தொட்டி 3,000 லிட்டருக்குக் குறையக் கூடாது, மாடியில் 1,000 லிட்டர் சின்டெக்ஸ் தனி. தொட்டியின் அளவு உரிமையாளருக்கே தெரியாமல் இருக்கலாம். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, வந்ததை 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர் கணக்கு. ஐந்துக்கு நாலுக்கு ஐந்து அடித் தொட்டி என்றால் 2,830 லிட்டர்.

போர் தண்ணி உண்டு என்றால் தண்ணியில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை நனைத்துப் பாருங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பேனா போன்ற சாதனம். குடிநீருக்கான இந்தியத் தரநிலையில் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை. 500-க்குக் கீழே இருந்தால் சென்னையிலிருந்து ஆர்.ஓ. மெஷினைச் சுமந்து வர வேண்டாம், நல்ல வடிகட்டியும் கொதிக்கவைப்பதும் போதும். மெஷின் கழிக்கும் தண்ணிதான் வீண்.

பாதாளச் சாக்கடை இல்லாத தெருவில் செப்டிக் டேங்க்தான். கடைசியாக எப்போது எடுத்தார்கள், அடுத்த முறை செலவு யாருடையது, லாரியின் குழாய் அங்கே எட்டுமா என்று கேளுங்கள். வெட்கப்படுகிற விஷயமில்லை. குடிபோன மூன்றாம் மாதம் டேங்க் நிரம்பி, காசு யார் தருவது என்று உரிமையாளரோடு முறைத்துக்கொள்வதைவிட இது மேல். தண்ணீர்த் தொட்டிக்கும் அதற்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

கரண்டும் நெட்டும்: வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு

மாதம் ஒருநாள் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதுக்கு நிறுத்தினால் மதியம் ரெண்டு மணி, சில நாள் அதற்கும் மேல். எந்தத் துணைமின் நிலையம் என்று தெரிந்துகொண்டால் நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் முந்தின நாளே அறிவிப்பைப் பார்க்கலாம். காற்றும் சாரலும் அடிக்கும் நாளில் அறிவிப்பெல்லாம் இல்லை, மரக்கிளை விழுந்தால் போச்சு.

இன்வெர்ட்டர் வாங்கும்போது கடைக்காரர் '150 ஏ.எச். பேட்டரி, எட்டு மணி நேரம் ஓடும்' என்பார். கணக்கைப் பாருங்கள். 12 வோல்ட், 150 ஏ.எச். என்றால் காகிதத்தில் 1,800 வாட்-மணி. பேட்டரியை அடிமட்டம் வரை காலி செய்தால் ஆயுசு குறையும், ஆகவே 70 சதவீதம்தான் கணக்கு: 1,260. இன்வெர்ட்டரே தின்னும் நஷ்டத்தைக் கழித்தால் கையில் ஏறக்குறைய 1,000. இனி செலவு: லேப்டாப் 65 வாட், சாதாரண ஃபேன் ரெண்டு 150, மோடமும் ரவுட்டரும் 15, எல்.இ.டி. ரெண்டு 18. மொத்தம் 250-ஐ ஒட்டி வரும். நாலு மணி நேரத்தில் பேட்டரி படுத்துவிடும். ஒன்பதுக்குப் போன கரண்ட் ரெண்டுக்கு வருவதற்குள், ஒரு மணி மீட்டிங்கில் நீங்கள் காணாமல் போவீர்கள். பேட்டரியைப் பெரிதாக்குவதற்கு முன் ஃபேனை மாற்றுங்கள். பி.எல்.டி.சி. ஃபேன் ஒன்று 30 வாட்தான் இழுக்கும். ரெண்டையும் மாற்றினால் மொத்தம் 160-க்குள் வந்துவிடும், அதே பேட்டரி ஆறு மணி நேரம் தாண்டும். வாடகை வீட்டைக் காலி செய்யும்போது ஃபேனையும் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம்.

மின் கட்டணத்தில் ஒரு விஷயம். வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், மேலே போகப் போக யூனிட் விலையும் ஏறும். உரிமையாளர் வீடும் உங்கள் வீடும் ஒரே மீட்டரில் இருந்தால் ரெண்டு வீட்டு யூனிட்டும் கூடி மேல் படிக்குப் போய்விடும், இலவசமும் ஒன்றுதான். தனி மீட்டர் இருக்கிறதா, பழைய பாக்கி ஏதும் நிற்கிறதா என்பதை இணைப்பு எண்ணை வாங்கி மின்வாரிய இணையதளத்தில் பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.

நெட் விஷயத்தில் எந்தக் கம்பெனி என்பதைவிட, அந்தத் தெருவுக்கு யார் கேபிள் இழுத்திருக்கிறார் என்பதே முக்கியம். உங்கள் இன்வெர்ட்டர் ஓடும், ரவுட்டரில் விளக்கும் எரியும், ஆனால் நெட் வராது. காரணம் பெரும்பாலும் இது: உள்ளூர் கேபிள்காரர் தெருமுனைக் கடையில் வைத்திருக்கும் பெட்டிக்கு அந்தக் கடையின் கரண்ட்தான் உயிர். தெருவில் கரண்ட் போனால் அதுவும் போச்சு. நெட் கம்பெனியின் அலுவலகத்திலிருந்து உங்கள் வீடு வரை நடுவில் மின்சாரமே தேவைப்படாத ஜிபான் வகை ஃபைபர் என்றால் இந்தச் சிக்கல் இல்லை. இணைப்பு எடுக்கும்முன் கேபிள்காரரிடம் நேரடியாகவே கேளுங்கள்: 'நடுவுல எங்கயாவது கரண்ட் வேணுமாண்ணே? அங்க பேட்டரி பேக்கப் இருக்கா?' மழுப்பினால் ரெண்டாவது இணைப்பாக வேறு கம்பெனியின் சிம் ரவுட்டர் ஒன்று கட்டாயம். அதையும் வாங்கும் முன், உட்கார்ந்து வேலை பார்க்கப் போகும் அறைக்குள் நின்று சிக்னல் பாருங்கள். மொட்டைமாடியில் நாலு கோடு காட்டும் போன், கனத்த சுவர் வைத்த பட்டாசலில் ஒரு கோட்டுக்கு இறங்கிவிடும். டவுன்லோட் வேகத்தை மட்டும் பார்க்காமல் அப்லோட் வேகத்தையும் பாருங்கள், வீடியோ மீட்டிங்கில் உதைப்பது அதுதான்.

வாடகையா, ஒத்தியா

தென் மாவட்டங்களில் 'ஒத்திக்கு விடுறோம்' என்பார்கள். மொத்தமாகச் சில லட்சம் கொடுத்துவிட்டால் மாத வாடகை இல்லை, காலி செய்யும்போது அசல் முழுதும் திரும்பும். கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் பணம் திரும்புவது, அடுத்து ஒத்திக்கு வருகிறவர் பணம் தருவதைப் பொறுத்தே பல வீடுகளில் நடக்கிறது. அந்த ஆள் கிடைக்கும்வரை நீங்கள் சாவியும் கொடுக்க முடியாது, பணமும் பார்க்க முடியாது. சட்டப்படி, சொத்தை உங்கள் அனுபவத்தில் விட்டு வாங்கும் இந்த அடமானம் 100 ரூபாய்க்கு மேற்பட்டாலே பதிவு செய்யப்பட்ட பத்திரமாக இருக்க வேண்டும். முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டது மட்டும் போதாது. ஒத்திக்குப் போவதென்றால் மூன்று காரியம்: வில்லங்கச் சான்று எடுத்து வங்கிக் கடன் இருக்கிறதா என்று பார்ப்பது, பத்திரத்தைப் பதிவது, பணத்தை வங்கி வழியாக மட்டும் கொடுப்பது. மூன்றில் ஒன்றுக்கு உரிமையாளர் இழுத்தாலும் வாடகைக்கே போங்கள். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வருஷம் ஒத்தி வேண்டவே வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம். ஊர் ஒத்துவருமா என்று தெரியாதபோது பணத்தைக் கட்டிப்போடக் கூடாது.

வாடகை ஒப்பந்தத்தை 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். 2019 பிப்ரவரி 22 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறாக எழுதாதவரை முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. காலி செய்தால் கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொண்டு ஒரு மாதத்துக்குள் திருப்ப வேண்டும். பதிவு எண் கையில் இருந்தால்தான் தகராறு வரும்போது வாடகை நீதிமன்றத்தில் நிற்க முடியும்.

இடம் வாங்குவதையும் ஒரு வருஷம் தள்ளிப்போடுங்கள். மலையடிவாரக் கிராமங்கள் சில மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்புக்குள் வருகின்றன, வீடு கட்ட அனுமதி வாங்குவதே தனிப்படலம். மலை தெரிகிறது என்பதற்காக மனை வாங்கிவிட்டுக் கல்லு நட்டதோடு நிற்கிறவர்கள் உண்டு.

சம்பளக் கணக்கு

பழைய வரி முறையில் இருப்பவர்கள் வீட்டு வாடகைப் படி விலக்கைத் திரும்பக் கணக்கிட வேண்டும். சென்னையில் அடிப்படைச் சம்பளத்தின் 50 சதவீதம் வரை உச்சவரம்பு, தென்காசியில் 40. அதைவிடப் பெரிய அடி, வாடகையே குறைவதால் வருகிறது. அடிப்படைச் சம்பளம் 50,000, வாடகைப் படி 25,000 என்று வையுங்கள். சென்னையில் 25,000 வாடகை கொடுத்தால், அதில் அடிப்படையின் பத்து சதவீதம் போக 20,000-க்கு விலக்கு. தென்காசியில் 9,000 வாடகை என்றால் விலக்கு 4,000 மட்டும். மாதம் 16,000 கூடுதலாக வரிக்குள் வருகிறது. 20 சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்குச் செஸ்ஸோடு 3,328 ரூபாய். வாடகையில் மிஞ்சிய 16,000-இல் இது கழியும். புதிய வரி முறை என்றால் இந்த விலக்கே கிடையாது, இந்தக் கவலையும் இல்லை.

வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்று மேலதிகாரி வாயால் சொன்னதை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பணியிடம் தென்காசி என்றோ, குறைந்தது இத்தனை மாதம் என்றோ மின்னஞ்சலில் வாங்குங்கள்.

சென்னையை விட்டுக் கிளம்பும்போது

பிள்ளைகள் இருந்தால் காலண்டரை நிர்ணயிப்பது பள்ளிதான். மே கடைசி வாரத்துக்குள் வந்துவிடுவது நல்லது, சாரல் தொடங்கும் முன் சாமானும் நனையாது. பத்து, பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகும் பிள்ளையை இடம் மாற்றாதீர்கள். சி.பி.எஸ்.இ.யில் அந்த ரெண்டு வகுப்புக்கும் நேரடிச் சேர்க்கைக்கே வாரிய அனுமதி வேண்டும். டி.சி. வாங்கினால் மட்டும் வேலை முடியாது. பழைய பள்ளி, கல்வித்துறையின் மாணவர் பதிவேடான எமிஸ் தளத்தில் பிள்ளையின் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விடுவிக்க வேண்டும். அதை மறந்தால் புதுப் பள்ளி பெயரை ஏற்றவே முடியாது. டி.சி. வாங்கும் அன்றே 'எமிஸ்ல விட்டாச்சா சார்?' என்று கேட்டுவிட்டு நகருங்கள்.

சமையல் கேஸை லாரியில் ஏற்றாதீர்கள், ஆபத்து. ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்தால் வைப்புத்தொகையைத் திருப்பிக் கொடுத்து, இணைப்பு முடிந்ததற்கான ரசீது தருவார்கள். தென்காசியில் அதே கம்பெனி ஏஜென்சியில் அந்த ரசீதைக் காட்டினால் பழைய வாடிக்கையாளராகவே இணைப்புக் கிடைக்கும். திரும்புவது நீங்கள் அன்று கட்டிய தொகைதான். 2022 ஜூன் முதல் 14.2 கிலோ சிலிண்டருக்கு வைப்பு 2,200 ரூபாய், ரெகுலேட்டருக்கு 250. பழைய இணைப்புக்காரர்களுக்கு வித்தியாசம் கையிலிருந்து போகும். 'இங்கயே அடுப்பு வாங்கணும்' என்று யாராவது சொன்னால், அது கட்டாயமில்லை.

சென்னை வீட்டு அட்வான்ஸ்: ஒப்பந்தத்தில் இருக்கிறபடி ஒரு மாதமோ ரெண்டு மாதமோ முன்னால் வாட்ஸப்பிலாவது எழுத்தில் சொல்லிவிடுங்கள். பெயின்ட்டுக்கு ஒரு மாத வாடகை பிடிப்பது சென்னை வழக்கம். அதற்கு மேல் பிடிக்கப் பார்ப்பார் என்று தோன்றினால், கடைசி மாதங்களின் வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளப் பேசிவிடுவதே உத்தமம். 600 கிலோமீட்டர் தள்ளிப் போன பிறகு பாக்கி கேட்டு அலைய முடியாது.

சாமான் கட்டுவது

ரெண்டு படுக்கையறை வீட்டுக்குப் பதினாலு அடி லாரி போதும், சாமான் அதிகம் என்றால் பதினேழு. சாமான் பட்டியல், ஏற்றி இறக்கும் கூலி, டோல், ஜி.எஸ்.டி., மாடி என்றால் அதற்குக் கூடுதல், இவை எல்லாம் அடங்கிய ஒரே தொகையை எழுத்தில் வாங்குங்கள். தனி லாரியா, வேறு வீட்டுச் சாமானோடு சேர்த்தா என்று கேளுங்கள். சேர்த்து வரும் லோடு விலை குறைவு, ஆனால் சென்னைக்கு வெளியே ஒரு கிடங்கில் இறக்கி மறுபடி ஏற்றுவார்கள், உடைவது பெரும்பாலும் அங்கேதான். பாதித் தொகையை இறக்கிய பிறகு கொடுப்பதாகப் பேசுங்கள். பாதி வழியில் போன் போட்டுக் கூடுதல் கேட்கும் பழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. தென்காசியில் இறக்க உள்ளூர் சுமை தொழிலாளர்களுக்கும் கூலி பேச வேண்டியிருக்கும். முந்தின நாளே புது வீட்டுப் பக்கத்தில் கேட்டு வையுங்கள். தெரு குறுகல் என்றால் பதினேழு அடி வண்டி உள்ளே வராது. ரோட்டில் நிறுத்தி குட்டியானையில் மாற்றி அடிக்க வேண்டும். அதற்கான செலவு யாருடையது என்பதையும் பேசும்போதே முடித்துவிடுங்கள்.

ஃபிரிட்ஜை முந்தின நாளே அணைத்து, ஐஸ் உருகி உலர்ந்த பிறகு ஏற்ற வேண்டும். நிமிர்த்தி வைத்துக் கொண்டுவந்தாலும் இறக்கி நாலு மணி நேரம் கழித்தே சுவிட்ச் போடுங்கள். படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால் ஒரு நாள் விடுங்கள், கம்ப்ரசர் எண்ணெய் குழாயிலிருந்து திரும்பி இறங்க வேண்டும். முன்கதவு வாஷிங் மெஷினுக்கு வாங்கும்போது பின்புறம் இருந்த நாலு நீள போல்ட்டைத் தேடி எடுத்துத் திரும்ப முடுக்குங்கள், இல்லாவிட்டால் வழி முழுக்க டிரம் ஆடி ஸ்பிரிங் போய்விடும். ஏ.சி.யைக் கழற்றும் மெக்கானிக், கேஸை வெளி யூனிட்டுக்குள் இழுத்துப் பூட்டிவிட்டுத்தான் செம்புக் குழாயைக் கழற்ற வேண்டும். வெறுமனே வெட்டி எடுத்தால் புது வீட்டில் முழு கேஸ் நிரப்பும் செலவு உங்களுடையது.

பால் காய்ச்சுவது, பிறகு காகிதங்கள்

ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலான உரிமையாளர்கள் புதுக் குடி வைக்கத் தயங்குவார்கள். ஒப்பந்தத்தை மாதம் முதல் தேதிக்குப் போட்டுக்கொண்டு, ஆடி பிறக்கும் முன் நல்ல நாளில் ஒரு சின்ன அடுப்பும் பாத்திரமுமாக வந்து பால் காய்ச்சிவிட்டால் லாரி எந்தத் தேதியில் வந்தாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அந்த ஒருநாளில் சுவிட்சுகள், குழாய்கள், கதவுத் தாழ்கள் அனைத்தையும் சரிபார்த்து, உரிமையாளர் இருக்கும்போதே வீடியோ எடுத்துவிடலாம்.

காகிதங்களில் ஆதாரில்தான் தொடங்க வேண்டும். அதில் முகவரி மாறினால் மற்றவை பின்னாலேயே வரும். புது கேஸ் இணைப்பு ரசீது அல்லது பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் அதற்குச் சான்று. அடுத்து ரேஷன் அட்டை. உணவுப் பொருள் வழங்கல் துறையின் தளத்திலேயே முகவரி மாற்றம் போட்டால் கடையும் மாறும். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6-ஐப் போட்டால் ரெண்டு இடத்தில் பெயர் நிற்கும். வண்டி தமிழ்நாட்டுப் பதிவு என்றால் நம்பர் மாறாது, முப்பது நாளுக்குள் ஆர்.சி.யில் முகவரி மாற்றத்துக்கு விண்ணப்பித்தால் போதும், டி.என்.76 அலுவலகம் என்று தேர்ந்தெடுங்கள். பெங்களூரிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் தடையில்லாச் சான்று, மறுபதிவு, புது நம்பர் எல்லாம், அதற்குப் பன்னிரண்டு மாதம் அவகாசம்.

மருத்துவக் காப்பீடு வைத்திருந்தால் தென்காசியிலும் பாளையங்கோட்டையிலும் எந்த ஆஸ்பத்திரி பணமில்லாச் சிகிச்சைப் பட்டியலில் இருக்கிறது என்று இப்போதே எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். ஊருக்குள்ளேயே அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிகிச்சைக்குப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வீட்டில் இதய நோயாளியோ டயாலிசிஸ் செய்கிறவரோ இருந்தால் இந்த ஒரு மணி நேரத்தைத்தான் முதலில் யோசிக்க வேண்டும், தென்காசியை விட்டுப் பாளையங்கோட்டையிலேயே வீடு பார்ப்பது சரியாக இருக்கலாம். தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரெண்டு மாத இருப்போடு வாருங்கள். வந்த வாரமே மெடிக்கல் ஷாப்பில் சீட்டைக் காட்டி எந்த மாத்திரை இங்கே கிடைக்கிறது, எது திருநெல்வேலியிலிருந்து வர வேண்டும், எத்தனை நாள் ஆகும் என்று கேட்டு, மூலப்பொருள் பெயரையும் சீட்டிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.